பில்லியர்ட்ஸ் ஆடியவரும் பீர் காய்ச்சியவரும்

1805-ஆம் ஆண்டு, இன்றைய பவேரியாவில் இருக்கும் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்ற பதினாறு வயதுப் பையன், மூன்று கலைகளில் வெகு சீக்கிரம் தேர்ந்தான். நடனம், பனித்தரையில் சறுக்குவது, பில்லியர்ட்ஸ். மூன்றும் பாடத்திட்டத்தில் இல்லை. அப்பா பூட்டுச் செய்பவர். பெரிய படிப்பு எதுவும் படிக்காதவர். ஆனால் கணக்கையும் அறிவியலையும் தானே கற்று, பிள்ளைகளுக்கும் தானே சொல்லிக்கொடுத்த மனிதர். மூத்த பிள்ளை பில்லியர்ட்ஸ் மேஜையில் கோணங்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறான் என்ற சேதி வீட்டுக்கு எட்டியதும் அவர் என்ன சொன்னார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தேவையும் இல்லை. எல்லா ஊர் அப்பாக்களும் சொல்வதுதான். மூன்று பருவத்தோடு படிப்பு நின்றது. பையனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அவனுக்குக் கிடைத்த தண்டனை, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை.

அந்தத் தண்டனையைத்தான் இன்றைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு என்னவோ சின்னதுதான். ஒரு சாமானுக்குக் கொடுக்கும் வோல்ட்டும் அது இழுக்கும் ஆம்பியரும் தெரிந்தால் போதும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். 12 வோல்ட் பாட்டரியில் ஒரு பல்பு 2 ஆம்பியர் இழுத்தால் தடை 6 ஓம், திறன் 24 வாட். வாய்ப்பாடு ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த யாரும் போட்டுவிடலாம். இந்த ஒரு வகுத்தலுக்கும் ஒரு பெருக்கலுக்கும் ஐரோப்பா 1781 முதல் 1841 வரை அறுபது வருஷம் எடுத்துக்கொண்டது. கண்டுபிடித்தவர்களுக்கு உதாசீனம் கிடைத்தது. கணக்கே வேண்டாம் என்றவருக்குக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கடைசியில் அலகுகளுக்குப் பெயர் வைக்கும் வைபவம் நடந்தபோது, மின்சாரத்தின் பக்கமே போகாத ஒருவர் முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆள் லண்டனில் இருந்த ஹென்றி கேவண்டிஷ். அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் டியூக்குகள். பணத்துக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். ராத்திரிக்கு என்ன சமைக்க வேண்டும் என்பதைக்கூடச் சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்துவிடுவார். வேலைக்காரப் பெண்கள் கண்ணில் படவே கூடாது. இப்படிப்பட்டவருக்கு மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அம்மீட்டர் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. எனவே செலவில்லாத, கூப்பிட்ட நேரத்துக்கு வரக்கூடிய, எதிர்த்துப் பேசாத ஒரு கருவியை எடுத்துக்கொண்டார். தன் உடம்பை.

லெய்டன் ஜாடிகளில் மின்னேற்றுவார். உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகவும் தன் கைகள் வழியாகவும் அதைப் பாயவிடுவார். அடுத்து வேறொரு குழாய். இரண்டும் ஒரே அளவு ‘சுரீர்’ கொடுக்கும்வரை குழாயில் மின்சாரம் போகும் தூரத்தைக் கூட்டிக் குறைப்பார். இப்படி அடிமேல் அடி வாங்கி, 1781-ல் அவர் வந்துசேர்ந்த முடிவு, பிற்பாடு ஓம் பெயரில் வழங்கப்போகும் விதியேதான். அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் ஓட்டம். வேறு யாராவது என்றால் மறுநாளே ராயல் சொசைட்டியில் போய் நின்றிருப்பார்கள். கேவண்டிஷ் நோட்டுப்புத்தகத்தில் எழுதினார், மூடினார், அடுத்த வேலைக்குப் போய்விட்டார். 1810-ல் இறந்தும்போனார். சொல்வதற்கு நாலு பேரைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் அறிவியலை எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த நோட்டுகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தூசிதட்டிப் பதிப்பித்தது 1879-ல். அதற்குள் ஓம் செத்தே இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. மேக்ஸ்வெல் சும்மா பதிப்பிக்கவில்லை. கேவண்டிஷ் சொன்னது சரியா என்று பார்க்க, கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தார். வந்துபோகும் விருந்தாளிகளையும் கம்பியில் கோத்து, யாருக்கு எவ்வளவு உறைக்கிறது என்று பார்த்தார். பெரிய மனிதரோடு நாலு வார்த்தை பேசலாம் என்று அமெரிக்காவிலிருந்து வந்த வானியல் அறிஞர் ஒருவர், தன்னை மீட்டராக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இடையில் இத்தாலியில் கால்வானி தவளைக்காலைத் துடிக்கவிட்டதும், அது தவளையின் மின்சாரமா உலோகத்தின் மின்சாரமா என்று வோல்டாவுக்கும் அவருக்கும் நடந்த சண்டையும், அதில் 1800-ல் பாட்டரி பிறந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வோல்டா கெட்டிக்காரர். மறுவருஷமே பாரிஸில் நெப்போலியன் முன்னால் செய்துகாட்டினார். பிற்பாடு பிரபுப் பட்டமும் வாங்கிக்கொண்டார். இந்தக் கதையில் காலாகாலத்தில் மரியாதை கிடைத்தவர் அவர் ஒருவர்தான். அரசன் கண்ணில் படும்படி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதை மற்றவர்கள் ஏனோ கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது நம் பில்லியர்ட்ஸ் வீரரிடம் திரும்பலாம். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து, 1811-ல் எர்லாங்கனிலேயே டாக்டர் பட்டம் வாங்கி, அங்கும் இங்கும் அரைச் சம்பள வாத்தியாராக அலைந்து, ஒரு வடிவியல் புத்தகம் எழுதி, அதை பிரஷ்ய அரசருக்கு அனுப்பிவைத்து, ஒருவழியாக 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை பெற்றார். அந்தப் பள்ளியில் இயற்பியல் கருவிகள் நன்றாகவே இருந்தன. இல்லாததை அவரே செய்துகொண்டார். பூட்டுக்காரர் மகன் அல்லவா, உலோகத்தில் கை நன்றாக ஓடும்.

கம்பி நீளமானால் மின்னோட்டம் எப்படிக் குறைகிறது? இதுதான் கேள்வி. 1825-ல் முதல் கட்டுரை. அதில் ஒரு மடக்கைச் சூத்திரம் போட்டார். தப்பு. ஆனால் தப்பு ஓமுடையது இல்லை, பாட்டரியுடையது. அந்தக் காலத்து பாட்டரி ஆரம்பத்தில் ஆவேசமாகக் கிளம்பி, நிமிஷத்துக்கு நிமிஷம் சோர்ந்துபோகும். முதல் கம்பிக்கு ஒரு வேகம், கடைசிக் கம்பிக்கு வேறொரு வேகம். அதைவைத்து அளந்தால் கம்பியின் குணம் எது, பாட்டரியின் களைப்பு எது என்று எப்படித் தெரியும்? ஆராய்ச்சி இதழ் நடத்திய பொகண்டோர்ஃப் நல்ல யோசனை சொன்னார். பாட்டரியை விடு, சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பிடி.

அதாவது பிஸ்மத் துண்டின் இரண்டு முனையிலும் செம்பை இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிக்கும் தண்ணீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், அந்த வெப்பநிலை வித்தியாசமே மின்னழுத்தம் தரும். தண்ணீர் கொதிப்பதும் பனி உருகுவதும் என்றைக்கும் ஒரே வெப்பநிலையில்தான். அதனால் அழுத்தம் மிகச் சின்னது என்றாலும் அசையாது. ஓம் எட்டு செம்புக்கம்பிகள் எடுத்தார். ஒரே தடிமன், வேறு வேறு நீளம். ஒவ்வொன்றாக இணைத்து, பக்கத்தில் தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர மேலே எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறதோ அதுதான் மின்னோட்டத்தின் அளவு. 1826-ல் விடை விழுந்தது. கம்பியின் நீளத்தோடு, சுற்றின் மீதிப் பகுதிக்கென்று ஒரு மாறாத எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் அழுத்தத்தை வகுத்தால் மின்னோட்டம். அவ்வளவுதான். இதில் என்னைக் கவர்வது சூத்திரம் அல்ல. மின்னோட்டத்துக்கோ மின்னழுத்தத்துக்கோ தடைக்கோ ஊரறிந்த அலகு ஒன்றுகூட இல்லாத காலத்தில், ஒரு வாத்தியார் கொதிநீரையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு இதைக் கறந்துவிட்டாரே, அதுதான்.

அதே சமயத்தில், 1825-ல், இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்ற ராணுவப் பள்ளிக் கணிதப் பேராசிரியரும் கம்பியில் மின்சாரம் விட்டுப் பார்த்தார். 200 அடி கம்பியிலேயே ஓட்டம் கணிசமாகக் குறைந்துவிட்டது. உடனே, மின்சாரத் தந்தி நடக்காத காரியம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கம்பி நீளமானால் பாட்டரியில் இன்னும் நாலு அடுக்கு சேர்க்கலாமே என்று கேட்க ஆள் இல்லை. ஓமின் சூத்திரம் ஒரு வருஷம் தள்ளி வந்தது. ஜெர்மன் மொழியில் வேறு வந்தது.

ஓம் சும்மா இருந்திருக்கலாம். சோதனையோடு நிறுத்தியிருந்தால் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். அரைச் சம்பளத்தில் விடுப்பு எடுத்து, பெர்லினில் தம்பி மார்ட்டின் வீட்டில் தங்கி, 1827-ல் ஒரு புத்தகம் போட்டார். முழுக்கக் கணக்கு. சோதனையால் பிடித்த விதியை, கம்பிக்குள் வெப்பம் பரவுவதுபோல மின்சாரம் பரவுகிறது என்று வைத்துக்கொண்டு கணித வழியில் வருவித்திருந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் பல்கலைக்கழகங்கள் போட்டிபோட்டு அழைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அன்றைய ஜெர்மனியில் இயற்கையைத் தத்துவத்தால் உள்ளுணர வேண்டும் என்று நம்பிய கோஷ்டி ஒன்று இருந்தது. இயற்கையை எண்ணால் அளப்பது அவர்களுக்கு ஏறக்குறைய அநாகரிகம். அந்தக் கோஷ்டியைச் சேர்ந்த போல் என்ற பேராசிரியர், புத்தகம் முழுக்கவும் வெறும் கற்பனை என்று விமர்சனம் எழுதிக் கிழித்தார். எட்டுக் கம்பி, கொதிநீர், பனிக்கட்டி எல்லாம் கற்பனை. உட்கார்ந்த இடத்தில் உள்ளுணர்ந்தது உண்மை!

ஓமுக்கு ரோஷம் அதிகம். கொலோன் வேலையை விட்டார். ஆறு வருஷம் பெர்லினில் சில்லறைப் பாடம் நடத்தினார். 1833-ல்தான் நூரெம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. பிரான்ஸில் புய்யே என்பவர் 1837-ல் அதே விதியைத் தன் சோதனைகளில் கண்டதாக வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் பலருக்கு ஓம் என்று ஒருவர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

இனி பீர். சால்ஃபோர்டில் மதுபான ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். அணுக்கொள்கை டால்டனிடம் டியூஷன் படித்தவர். ஆலையில் நீராவி இயந்திரம் கரியைத் தின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தால் செலவு குறையுமா என்று பார்க்க உட்கார்ந்தார். பாட்டரிக்குத் தீனி துத்தநாகம். கணக்குப் போட்டால், ஒரு ராத்தல் துத்தநாகம் செய்யும் வேலை ஒரு ராத்தல் கரி செய்வதைவிடக் குறைவு, விலையோ மேலே. மோட்டார் யோசனை அங்கேயே படுத்துவிட்டது. ஆனால் கம்பி ஏன் இப்படிச் சுடுகிறது என்ற கேள்வி மிஞ்சியது. கம்பியைச் சுருட்டித் தண்ணீரில் போட்டு, வெப்பமானியை வைத்து அளந்தார். அளக்கப் பிடிக்கும் அவருக்கு. தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போனபோதும் அருவித் தண்ணீரின் சூட்டை அளக்க வெப்பமானியோடு திரிந்தார் என்று இயற்பியலாளர் கெல்வின் பின்னாளில் சொன்ன கதை உண்டு. மனைவியின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

விடை: சூடு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவதற்கு ஏற்றபடி. ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நம் பல்புக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டை இரண்டால் பெருக்கி ஆறால் பெருக்கினால் 24. அதே 24 வாட். ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் அழுத்தம் என்று ஓம் சொல்லிவிட்டதால், மிச்சமிருப்பது வோல்ட் பெருக்கல் ஆம்பியர். ஓமும் ஜூலும் சேர்ந்துதான் கணக்கு முழுசாகிறது. 1840 கடைசியில் ஜூல் இதை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ஒரு சாராய ஆலைப் பையனுக்கு இது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, சுருக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். முழுக் கட்டுரை 1841-ல் வேறு இதழில் வந்தது. அதே 1841-ல் அதே ராயல் சொசைட்டி, பதினைந்து வருஷம் முந்திய வேலைக்காக ஓமுக்கு காப்லி பதக்கம் கொடுத்தது. ஆக, அவர்களிடம் அங்கீகாரம் கிடைக்க என்ன தகுதி வேண்டும் என்பது தெளிவு. கட்டுரை நன்றாக ஊறியிருக்க வேண்டும்.

கணக்கு கைக்கு வந்த பிறகாவது போட்டார்களா? 1858-ல் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கேபிள் போட்டார்கள். கம்பெனியின் தலைமை மின்வல்லுநர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். தொழிலால் அறுவை மருத்துவர். நீளமான கேபிளில் சமிக்ஞை எவ்வளவு மந்தமாகும் என்று வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்து கெல்வின், கணித்துச் சொன்னதை, பள்ளிக்கூடத்துக் கட்டுக்கதை என்று தள்ளியவர். ஆகஸ்டில் கேபிள் பிழைத்தது. விக்டோரியா ராணியின் வாழ்த்து 98 வார்த்தை. போய்ச்சேர 16 மணி நேரம். நியூயார்க் கொண்டாடிய கொண்டாட்டத்தில், வாணவேடிக்கைப் பொறி பட்டு நகராட்சிக் கட்டடத்தின் கோபுரமே தீப்பிடித்தது. சமிக்ஞை மங்க மங்க டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். ராட்சதச் சுருள்களால் சுமார் 2,000 வோல்ட். கேபிளின் உறையில் ஏற்கெனவே பலவீனம் இருந்தது உண்மைதான். டாக்டரின் வைத்தியம் மீதியை முடித்துவைத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் பேச்சை நிறுத்திவிட்டது.

கடலில் பணம் போன பிறகுதான், எல்லாருக்கும் பொதுவான அலகு வேண்டும் என்ற புத்தி வந்தது. அந்தக் கேபிளைப் போட்ட பொறியாளர் சார்லஸ் பிரைட்டும் லாட்டிமர் கிளார்க்கும் 1861-ல் ஒரு பெயர்ப் பட்டியல் கொண்டுவந்தார்கள். அதில் தடைக்கு வோல்ட் என்று பெயர். அழுத்தத்துக்கு ஓமா! பாட்டரி செய்தவர் பெயரைத் தடைக்கும், தடையைப் பிடித்தவர் பெயரைப் பாட்டரிக்கும் சூட்டியிருந்தார்கள். நல்லவேளை, பிற்பாடு மாற்றினார்கள். 1881-ல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் இன்றைய இடங்களில் உட்காரவைத்தது. அந்தப் பெயர்களுக்கு உரிய மூவரும் அதற்குள் காலமாகியிருந்தார்கள். ஓம் 1852-ல்தான், அறுபத்து மூன்று வயதில், மியூனிக்கில் தான் ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் நாற்காலியைப் பெற்றார். இரண்டு வருஷம் உட்கார்ந்தார். 1854-ல் இறந்தார்.

திறனுக்கு யார் பெயர்? மின்திறனின் கணக்கைத் தண்ணீரில் கம்பி போட்டுப் பிடித்த ஜூல் அப்போது உயிரோடு இருந்தார். 1882-ல் சவுதாம்ப்டனில் நடந்த அறிவியல் சங்கக் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றிய வில்லியம் சீமென்ஸ், வாட் பெயரை முன்மொழிந்தார். ஜேம்ஸ் வாட் நீராவிக்காரர். குதிரை நிமிஷத்துக்கு எத்தனை பவுண்டு தூக்கும் என்று கணக்குப் பார்த்து இயந்திரம் விற்றவர். மின்சாரத்துக்கு அவர் செய்த ஒரே உபகாரம், அதன் குறுக்கே வராமல் இருந்தது. ஜூலுக்கு ஆற்றல் கிடைத்தது. கெட்ட பங்கு இல்லைதான், ஆனால் மின்சாரக் கட்டணச் சீட்டில் அதுவும் கிலோவாட் மணி என்றுதான் வருகிறது. அங்கேயும் வாட்தான். கேவண்டிஷ் பெயரில் அலகே கிடையாது. வாங்கிய அடிகளுக்காவது ஒன்று வைத்திருக்கலாம்.

இந்தக் கணக்கை வைத்துப் பணம் பார்த்தவர் எடிசன். வீட்டுக்கு வீடு மின்விளக்கைப் பிரித்துக் கொடுப்பது கானல்நீர் என்று பிரிட்டிஷ் தந்தித்துறையின் வில்லியம் பிரீஸ் 1879-ல் சொல்லியிருந்தார். எடிசனுக்குக் கணக்கு அவ்வளவு வராது. ஆனால் கணக்கு வந்த பிரான்சிஸ் அப்டனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வந்தது. 100 வாட் விளக்கு ஒன்றை 10 வோல்ட்டில் எரித்தால் 10 ஆம்பியர் ஓட வேண்டும். வழிக்கம்பியின் தடை ஒரு ஓம் என்றாலும், கம்பியிலேயே 100 வாட் எரிந்துபோகும். அதே விளக்கை 100 வோல்ட்டில் எரித்தால் ஓட்டம் ஒரே ஆம்பியர், கம்பியில் இழப்பு ஒரே வாட். அப்படியென்றால் விளக்கின் இழை சுமார் 100 ஓம் தடையுள்ளதாக, மெல்லியதாக இருக்க வேண்டும். மற்றவர்கள் குறைந்த தடை இழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் எதிர்த்திசையில் தேடினார்கள். 1882 செப்டம்பரில் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அழுத்தம் 110 வோல்ட். செம்பில் மிச்சமானதுதான் லாபம்.

இதே கணக்கை உங்கள் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். அயர்ன் பாக்ஸில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருந்தால், அது இழுப்பது சுமார் 4.35 ஆம்பியர், அதன் தடை சுமார் 53 ஓம். சாயங்காலம் லோ வோல்டேஜில் 160-க்கு இறங்கினால், ஓட்டம் 3 ஆம்பியர்; திறன் 480 வாட் சொச்சம். வோல்ட் முப்பது சதம்தான் குறைந்தது, சூடு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஃபேனுக்கும் மோட்டாருக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள், அவற்றின் சமாச்சாரம் வேறு. அயர்ன் பாக்ஸ் சரியாகச் சுடவில்லை என்றால், அதை விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் ஒரு தடவை வோல்டேஜைப் பாருங்கள்.